‘குட்’, ‘பிக்’, ‘பேட்’டை விட்டு வெளியே வருவது எப்படி? ஐயெல்ட்ஸ் எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆஸ்பத்திரி கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதி வரச் சொல்லியிருந்தேன். ஒரு நர்ஸ் ‘பெனிவலன்ட் ஃபுட்’ என்று எழுதி வந்தார். ‘குட்’டை அதற்குள் மூன்று முறை எழுதியாகிவிட்டது, நான்காவது இடத்துக்கு இணையத்தில் சினானிம், அதாவது அதே பொருள் தரும் வேறு சொல், தேடியிருக்கிறார். பட்டியலில் பெனிவலன்ட் இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டார். பெனிவலன்ட் என்றால் தரும சிந்தனை உள்ள என்று பொருள். இட்லிக்கு ஏது தரும சிந்தனை? சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் சிரித்துவிட்டு விட்டுவிட மாட்டார்.

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பில் வருடக்கணக்காகப் பார்க்கிறேன், புதிதாக வருகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இதே இடத்தில்தான். சினானிம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள். என் கணக்கில் அகராதியைத் திறப்பது ஐந்தாவது வேலை. அதற்கு முன் செய்யவேண்டிய நான்கையும் தாண்டிக் குதித்தால் பெனிவலன்ட் இட்லிதான் கிடைக்கும்.

ஒரு விஷயம். ஆங்கிலச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் எழுதும்போது அகராதியில் ஸ்பெல்லிங் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்பது எட்டாவது பகுதியில் வரும்.

1. உட்காருவதற்கு முன் என்னென்ன வேண்டும்

முதலில், நேரம் வைத்து நீங்களே எழுதிய இரண்டு கட்டுரைகள். ரைட்டிங் (எழுத்துத் தேர்வு) பகுதியின் கட்டுரைக் கேள்விதான் டாஸ்க் 2. அதற்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல். அகராதி, ஃபோன் எதையும் தொடாமல் எழுதியதாக இருக்கவேண்டும். அழகாகத் திருத்தி எழுதியது உதவாது. அவசரத்தில் கை தானாக எந்தச் சொல்லுக்குப் போகிறது என்று பார்க்கத்தான் இது.

இரண்டாவது, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கில-ஆங்கில அகராதி. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒன்று போதும். ஆங்கில-தமிழ் அகராதியை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். அதில் ‘ஃபேமஸ்’ஸுக்கும் ‘நொட்டோரியஸ்’ஸுக்கும் ‘பெயர்பெற்ற’ என்று ஒரே பொருள் போட்டிருக்கலாம். ஒன்று புகழ், மற்றது கெட்ட பெயர். ‘எங்கள் ஊர் கலெக்டர் நொட்டோரியஸ்’ என்று எழுதினால் அவர் மேல் ஏதோ வழக்கு இருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

மூன்றாவது, ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா. நான்காவது, மூன்று வாரம். அடுத்த சனிக்கிழமை தேர்வு என்றால் நேராகப் பத்தாவது பகுதிக்குப் போய்விடுங்கள். கடைசி நேரத்தில் புகுந்த புதுச் சொல் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். ரைட்டிங்கில் நான்கு அளவுகோல்கள். அவற்றில் ஒன்று லெக்சிகல் ரிசோர்ஸ், அதாவது சொல்வளம். அதன் பங்கு கால்வாசி. ஸ்பீக்கிங்கிலும் அதே கால்வாசி. இந்த அளவுகோல்கள் பொதுவில் வெளியிடப்பட்டவை, ஒருமுறை படித்துப் பாருங்கள். மதிப்பெண்ணை இங்கே பேண்ட் என்பார்கள். பேண்ட் 7-க்கு எதிர்பார்ப்பது அரிய சொற்களின் குவியல் அல்ல. துல்லியம் வேண்டும், நடை தெரியவேண்டும், எந்தச் சொல் எதோடு சேரும் என்ற உணர்வு வேண்டும். துணிந்து நிறையப் புதுச் சொல் போட்டுப் பல இடத்தில் தவறவிடுகிறவர்களைப் பற்றிய குறிப்பு பேண்ட் 6-க்கான வரியில் இருக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்து வருகிறவர்கள் பலர் வருடக்கணக்கில் 6-லேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

2. உங்கள் தாளிலேயே வட்டம் போடுங்கள்

எழுதிய இரண்டு கட்டுரைகளையும் எடுத்து, வந்திருக்கும் ஒவ்வொரு அட்ஜெக்டிவையும் (பெயர்ச்சொல் எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல், தமிழில் பெயரடை) வட்டமிடுங்கள். பிறகு எது எத்தனை முறை என்று ஓரத்தில் எண்ணி எழுதுங்கள்.

ஐந்தாறு சொல்லே மொத்த பாரத்தையும் இழுப்பது தெரியும். குட், பேட், பிக், இம்பார்ட்டன்ட், டிஃபிகல்ட், நைஸ் என்ற கூட்டம்தான் பலருக்கு. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். என்னிடம் படித்த ஒரு இன்ஜினியர் ‘குட்’டை ஒருமுறைகூட எழுதவில்லை, எல்லாவற்றுக்கும் ‘ப்ராப்பர்’. ப்ராப்பர் எஜுகேஷன், ப்ராப்பர் ரோடு, ப்ராப்பர் ஃபுட். அவருக்குப் போய் ‘குட்’டுக்கு இருபது சினானிம் கொடுத்து என்ன பயன்? அதனால்தான் அச்சடித்த பட்டியலுக்கு முன்னால் சொந்தத் தாள்.

எண்ணிக்கையில் மேலே வரும் நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு இந்த நான்குதான் வேலை.

3. எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வட்டமிட்ட எல்லாவற்றையும் மாற்றவேண்டியதில்லை.

‘குட் எக்ஸாம்பிள்’, ‘குட் ரீசன்’ இரண்டும் ஆங்கிலத்தில் அப்படியேதான் சொல்லப்படுகின்றன. அவற்றை மாற்றப் போய் ‘சூப்பர்ப் ரீசன்’ ஆக்கிவிடாதீர்கள். அதேபோல கட்டுரைத் தலைப்பிலேயே நிலைத்த பெயராக வருவது எதையும் தொடவேண்டாம். ‘பப்ளிக் டிரான்ஸ்போர்ட்’ என்பது ஒரு பெயர். அதை ‘கம்யூனல் டிரான்ஸ்போர்ட்’ என்று மாற்றினால் என்ன சொல்ல வருகிறீர்கள் என்றே புரியாது. ‘சோஷியல் மீடியா’, ‘குளோபல் வார்மிங்’, ‘ஹையர் எஜுகேஷன்’ எல்லாம் இந்த வகைதான். பத்து முறை வந்தாலும் பரவாயில்லை. ஒரு பொருளுக்கு ஒரே பெயர் இருக்கும்போது அதைத் திரும்ப எழுதுவது குற்றமில்லை.

மாற்றவேண்டியவற்றுக்குப் பச்சை, விடவேண்டியவற்றுக்குச் சிவப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி சிவப்பானாலும் பயப்படவேண்டாம்.

4. ‘எப்படிப்பட்ட நல்ல?’ என்று தமிழிலேயே கேளுங்கள்

பச்சை வட்டம் ஒவ்வொன்றிலும் நின்று உங்களை நீங்களே தமிழில் கேட்கவேண்டும். ‘குட் டீச்சர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த விதத்தில் நல்லவர்? பொறுமையாகச் சொல்லித்தருவாரா? அனுபவசாலியா? வீட்டுக்குப் போன பிறகும் மாணவர்களைப் பற்றியே யோசிக்கிறவரா? பொறுமை என்றால் பேஷன்ட், அனுபவம் என்றால் எக்ஸ்பீரியன்ஸ்டு, கடைசி ஆள் டெடிகேட்டட். இந்த மூன்றும் எந்தப் பட்டியலிலும் ‘குட்’டுக்கு நேர் சினானிமாக இருக்காது. ஆனாலும் உங்கள் வாக்கியத்துக்கு வேண்டியது அதுதான்.

‘குட் ஜாப்’ என்றால்? சம்பளம் நல்லதென்றால் வெல்-பெய்டு. வேலை நிரந்தரம் என்றால் செக்யூர். செய்வதில் மனநிறைவு என்றால் ரிவார்டிங். ‘குட் ஃபுட்’ சத்தானதென்றால் நியூட்ரிஷஸ், ருசியென்றால் டேஸ்ட்டி. அந்த நர்ஸிடம் கேன்டீன் சாப்பாடு எப்படி நல்லது என்று கேட்டேன். ‘சத்து இருக்கும் சார், உப்புதான் இருக்காது’ என்றார். நியூட்ரிஷஸ் பட் ப்ளாண்ட் என்று ஆனது. ப்ளாண்ட் என்றால் உப்பு சப்பில்லாதது. ஒரு ‘குட்’டை எடுத்துவிட்டு இரண்டு நிஜமான தகவல் வைத்தாயிற்று.

தமிழில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் தவறுகளில் பாதி தமிழிலிருந்து கிளம்புகிறது. தமிழில் ‘நல்ல’ என்பது அளவையும் குறிக்கும்: நல்ல மழை, நல்ல தூக்கம், நல்ல கூட்டம், நல்ல பசி. ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, தூக்கத்துக்கு சவுண்ட் அல்லது டீப், கூட்டத்துக்கு லார்ஜ். பசிக்கு முன்னால் அட்ஜெக்டிவ் தேடவே வேண்டாம், ‘வெரி ஹங்க்ரி’ என்று வாக்கியத்தையே மாற்றவேண்டும். நல்ல பாம்பை யாரும் ‘குட் ஸ்னேக்’ என்று எழுதுவதில்லை. அந்த எச்சரிக்கை மழைக்கும் இருக்கட்டும்.

‘கடுமையான’ இன்னும் மோசம். வலிக்கு சிவியர். காய்ச்சலுக்கு ஹை. போட்டிக்கு ஃபியர்ஸ் அல்லது ஸ்டிஃப். சட்டத்துக்கு ஸ்ட்ரிக்ட். உழைப்புக்கு வெறும் ஹார்ட். தண்டனைக்கு ஹார்ஷ். வெயிலுக்கு ஸ்கார்ச்சிங். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் எட்டு. இவை ஒன்றுக்கொன்று சினானிம் என்று நினைத்து இடம் மாற்றினால் ‘ஸ்டிஃப் ஃபீவர்’ வரும், ‘ஹை போட்டி’ வரும். சாதாரணப் பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள்: பெரிய, சின்ன, கடுமையான, மோசமான என்ற நான்கு தமிழ்ச் சொல்லுக்கும் அடுத்து என்னென்ன பெயர்ச்சொல் வரும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் எது சேரும் என்று பாருங்கள். ஒரு மாலை போதும், பல மாத வகுப்புக்குச் சமம்.

5. இப்போது அகராதி: நான்கு சல்லடை

என்ன சொல்லவேண்டும் என்று முடிவான பிறகுதான் சொல் தேடுவது. கிடைக்கும் ஒவ்வொரு சொல்லையும் கீழே உள்ள நான்கிலும் சலியுங்கள். ஒன்றில் தங்கினாலும் வேண்டாம்.

முதல் சல்லடை, பக்கத்துச் சொல். இந்த அட்ஜெக்டிவ் என் பெயர்ச்சொல்லோடு சேருமா? அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் முக்கியம். அவற்றில் உங்கள் பெயர்ச்சொல்லோ அதன் உறவுக்காரச் சொல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் ஹை அல்லது லோ. பிக், ஸ்மால் சொன்னால் புரியும், ஆனால் இயல்பாக இல்லை. டிராஃபிக் ஹெவி. மக்கள்தொகை லார்ஜ், ‘மெனி பாப்புலேஷன்’ என்பது நம் ஊர்க் கட்டுரைகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பிழை.

இரண்டாவது, அளவு. டயர்டு, எக்ஸாஸ்டட் இரண்டும் களைப்புதான், ஆனால் ஒரே களைப்பு இல்லை. எக்ஸாஸ்டட் என்றால் இனி ஒரு அடி எடுத்துவைக்க முடியாத நிலை. அனாய்டு எரிச்சல், ஆங்ரி கோபம், ஃபியூரியஸ் கொதிப்பு. பஸ் ஐந்து நிமிடம் தாமதமானதற்கு ஃபியூரியஸ் ஆகவேண்டாம். இன்னொன்று: உச்சத்தில் இருக்கும் சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ வராது. வெரி ஆங்ரி உண்டு, வெரி ஃபியூரியஸ் இல்லை. வெரி பிக் உண்டு, வெரி எனார்மஸ் இல்லை. அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்ஸல்யூட்லி’ போடலாம். சினானிமை மாற்றிவிட்டு முன்னால் நிற்கும் வெரியை எடுக்க மறப்பது, நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி பார்ப்பது.

மூன்றாவது, மனோபாவம். சொல் பாராட்டுகிறதா, திட்டுகிறதா? சிக்கனமாக இருப்பவர் த்ரிஃப்டி, கஞ்சன் ஸ்டிஞ்சி. ஒல்லியாக, பார்க்க லட்சணமாக இருந்தால் ஸ்லிம்; எலும்பும் தோலுமாக இருந்தால் ஸ்கின்னி. புத்திசாலி க்ளெவர், தந்திரக்காரன் கன்னிங். நம்மில் பலர் கன்னிங்கைப் பாராட்டாக நினைத்துத் தங்கைக்குச் சூட்டிவிடுகிறார்கள். குழந்தைத்தனமான கள்ளமற்ற மனம் சைல்ட்லைக், வயதுக்கேற்ற பக்குவம் இல்லாதது சைல்டிஷ். ஆக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் ‘அப்ரூவிங்’, ‘டிஸ்அப்ரூவிங்’ என்று சாய்வெழுத்தில் போட்டிருக்கும். அதைத்தான் முதலில் தேடவேண்டும்.

நான்காவது, இடம் பொருள் ஏவல். ‘ஆசம்’, ‘சூப்பர்’ நண்பருக்கு எழுதும் கடிதத்தில் சரி. டாஸ்க் 2 கட்டுரையில் இல்லை. அங்கே பெரிய மாற்றத்துக்கு சிக்னிஃபிகன்ட், சப்ஸ்டான்ஷியல், கன்சிடரபிள். ஐயெல்ட்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை. ஜெனரல் டிரெய்னிங் எழுதுகிறவர்களுக்கு டாஸ்க் 1 கடிதம். வாடகை வீட்டின் உரிமையாளருக்குப் புகார் எழுதும்போது டிஸ்சாட்டிஸ்ஃபைடு, தோழிக்கு எழுதும்போது ஃபெட் அப். இந்த ‘ஃபார்மல்’, ‘இன்ஃபார்மல்’ குறிப்பும் அகராதியில் உண்டு.

ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களிடம் ஜாக்கிரதை. கன்சிடரபிள் என்றால் கணிசமான. கன்சிடரேட் என்றால் பிறர் மனம் அறிந்து நடக்கும். இண்டஸ்ட்ரியல் என்றால் தொழில்துறை சார்ந்த. இண்டஸ்ட்ரியஸ் என்றால் கடின உழைப்பாளி. கோயம்புத்தூரை ‘இண்டஸ்ட்ரியஸ் சிட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் அவர் சொல்ல வந்தது அதுவல்ல.

6. சொல்லை மாற்றினால் வாக்கியத்தையும் பழுது பாருங்கள்

ஒரு சொல்லைப் பிடுங்கி இன்னொன்றை நட்டால் அக்கம்பக்கமும் அசையும். மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும்.

முன்னால் நிற்கும் ‘எ’ அல்லது ‘ஆன்’. ‘எ பேட் எஃபெக்ட்’ மாறி ‘ஆன் அட்வர்ஸ் எஃபெக்ட்’ ஆகும். ‘யூஸ்ஃபுல்’, ‘யுனிக்’ இரண்டுக்கும் எழுத்து உயிரெழுத்தாக இருந்தாலும் ஒலி ‘யு’ என்பதால் ‘எ’தான்.

பின்னால் வரும் ப்ரிபோசிஷன், அதாவது ஃபார், டூ, அட், இன் போன்ற சின்னச் சொல். குட் ஃபார் ஹெல்த், ஆனால் பெனிஃபிஷியல் டூ ஹெல்த். பேட் ஃபார் என்பது ஹார்ம்ஃபுல் டூ, டெட்ரிமென்டல் டூ என்று மாறும். குட் அட் இங்கிலீஷ் என்பது ப்ரொஃபிஷியன்ட் இன் இங்கிலீஷ். எனவே நோட்டில் எழுதும்போது ப்ரிபோசிஷனையும் சேர்த்தே எழுதவேண்டும். தனியாக எழுதிவைத்தால் தேர்வில் கை நடுங்கும்.

மூன்றாவது, நிற்கும் இடம். அஃப்ரெய்டு, அஸ்லீப், அலைவ் போன்றவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்காது. ‘தி சைல்ட் இஸ் அஃப்ரெய்டு’ சரி. ‘ஆன் அஃப்ரெய்டு சைல்ட்’ தவறு. அங்கே ஃப்ரைட்டண்டு வேண்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்த்துவிடலாம். வகுப்பில் வந்தது இது: ‘டெக்னாலஜி இஸ் வெரி குட் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் பட் இட் ஹேஸ் மெனி பேட் எஃபெக்ட்ஸ்.’ பட்டியல் வைத்துத் திருத்தியவர் ‘டெக்னாலஜி இஸ் வெரி மார்வெலஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ் பட் இட் ஹேஸ் மெனி அட்ரோஷியஸ் எஃபெக்ட்ஸ்’ என்று கொண்டுவந்தார். மார்வெலஸுக்கு முன்னால் வெரி நிற்கிறது, முதல் குறை. அட்ரோஷியஸ் கொடூரங்களுக்குப் போடுகிற சொல். செல்ஃபோனால் தூக்கம் கெடுவதற்கு அது ரொம்ப ஜாஸ்தி.

அவரை உட்காரவைத்து நான்காவது பகுதியின் கேள்வியைக் கேட்டேன். எப்படி நல்லது? ‘கிராமத்துப் பிள்ளைக்கும் வீடியோ பாடம் கிடைக்குது.’ என்ன கெடுதல்? ‘ராத்திரி தூங்குறதில்லை, கவனம் சிதறுது.’ கடைசியில் வந்த வாக்கியம்: ‘ஆன்லைன் லெசன்ஸ் ஆர் அக்சஸிபிள் ஈவன் டு ரூரல் ஸ்டூடன்ட்ஸ், பட் லேட்-நைட் ஸ்க்ரீன் டைம் இஸ் ஹார்ம்ஃபுல் டு தெயர் ஸ்லீப் அண்ட் கான்சென்ட்ரேஷன்.’ இதில் அரிய சொல் என்று எதுவுமே இல்லை. அக்சஸிபிள், ஹார்ம்ஃபுல் இரண்டையும் பத்தாம் வகுப்பு மாணவரும் அறிவார். அவருக்கும் முன்பே தெரிந்த சொற்கள்தான், கைக்குத்தான் வரவில்லை.

7. நோட்டைப் பெயர்ச்சொல் தலைப்பில் பிரியுங்கள்

‘குட் = எக்ஸலன்ட், ஃபைன், சூப்பர்ப், ஸ்ப்ளெண்டிட்’ என்று ஒரே வரியில் எழுதுவதுதான் வழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அப்படி எழுதினால் மூளையில் அவை எல்லாம் ஒன்றே என்று பதிந்துவிடும். தேர்வில் ஒன்று வரும். எது வரும் என்பது அதிர்ஷ்டம்.

பக்கத்தின் தலையில் பெயர்ச்சொல்லை வையுங்கள். ‘ப்ராப்ளம்’ ஒரு பக்கம்: சீரியஸ், மேஜர், க்ரோயிங், வைட்ஸ்ப்ரெட். ‘எஃபெக்ட்’ ஒரு பக்கம்: அட்வர்ஸ், ஹார்ம்ஃபுல், பெனிஃபிஷியல், லாங்-டெர்ம். ‘ரோல்’: கீ, வைட்டல், க்ரூஷியல், ஆக்டிவ். ‘எவிடன்ஸ்’: க்ளியர், ஸ்ட்ராங், கன்வின்சிங். ‘டிரான்ஸ்போர்ட்’: ரிலையபிள், அஃபோர்டபிள், எஃபிஷியன்ட். சீப் என்று எழுதினால் மட்டமான என்ற வாடை வரும், அதனால் அஃபோர்டபிள்.

ஏன் பெயர்ச்சொல்? கட்டுரை எழுதும்போது முதலில் மனதில் வருவது பொருள்தான். மாசு, வேலையின்மை, கல்விச் செலவு என்று யோசிக்கிறீர்கள். பிறகுதான் அது எப்படிப்பட்டது என்று. நோட்டும் அந்த வரிசையில் இருந்தால் சொல் தானாக ஒட்டிக்கொண்டு வரும். டாஸ்க் 2-வில் கல்வி, சுற்றுச்சூழல், உடல்நலம், வேலை, நகரம், தொழில்நுட்பம் ஆகியவை திரும்பத் திரும்ப வரும். துறைக்கு ஐந்து பெயர்ச்சொல், ஒவ்வொன்றுக்கும் மூன்றே அட்ஜெக்டிவ். அதற்கு மேல் வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். அகராதி வாக்கியத்தை நகலெடுக்கவேண்டாம். உங்கள் தெருத் தண்ணீர்ப் பிரச்சினை ‘பெர்சிஸ்டென்ட் ப்ராப்ளம்’ என்றால், அடுத்த முறை குடம் தூக்கும்போது அந்தச் சொல் ஞாபகம் வரும்.

8. பயிற்சி: புதிய தாள் வேண்டாம், பழைய தாளே போதும்

முதல் வாரம், வட்டமிட்ட அந்த இரண்டு கட்டுரைகளையும் திருத்தி மறுபடி எழுதுங்கள். இரண்டாவது வாரம், அதே தலைப்புகளில் பழைய தாளைப் பார்க்காமல் 40 நிமிடத்தில் எழுதுங்கள். மூன்றாவது வாரம்தான் புதிய தலைப்பு. எல்லோரும் முதல் நாளே புதிய தலைப்புக்குத் தாவுகிறார்கள். புதுக் கருத்தைத் தேடும் அவசரத்தில் பழைய ‘குட்’டே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கையால் எழுதிப் பாருங்கள், அல்லது ஸ்பெல்லிங் காட்டாத இடத்தில் டைப் செய்யுங்கள். ஸ்பெல்லிங்கும் சொல்வளக் கணக்கில்தான் சேரும். கம்ப்யூட்டரில் எழுதினாலும் சிவப்புக் கோடு வந்து காப்பாற்றாது. நெசசரியில் ஒரு சி, இரண்டு எஸ். இப்படி உங்கள் கைக்கு எது தகராறு செய்கிறதோ அதை மட்டும் தனிப் பக்கத்தில் வைத்திருங்கள்.

அப்புறம், சத்தமாகச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தும் சொல்லத் தெரியாத சொல் ஸ்பீக்கிங்கில் காலை வாரும்.

9. எந்தப் பகுதிக்கு எது

அகாடமிக் டாஸ்க் 1-ல் வரைபடம் கொடுப்பார்கள். அங்கே அட்ஜெக்டிவை உங்கள் ரசனை முடிவு செய்யக்கூடாது, எண்தான் முடிவு செய்யவேண்டும். 12 சதவீதம் 13 ஆனால் ஸ்லைட். 12 ஒரே வருடத்தில் 40 ஆனால் ஷார்ப் அல்லது ஸ்டீப். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ஸ்டெடி, கிராஜுவல். 12-லிருந்து 13-க்குப் போனதை ‘டிராமாட்டிக் ரைஸ்’ என்று எழுதினால் சொல் மட்டுமல்ல, தகவலே தப்பு. அடுத்தடுத்த வாக்கியத்தில் ‘ஷார்ப் ரைஸ்’ என்றும் ‘ரோஸ் ஷார்ப்லி’ என்றும் வடிவம் மாற்றிப் பழகினால் புதுச் சொல் இல்லாமலே திரும்பச் சொல்வது குறையும்.

ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடப் பேச்சு. இங்கே டாஸ்க் 2 நடை பொருந்தாது. பாட்டி சமையலை ‘டெலிஷஸ்’ என்று சொன்னால் போதும். இரண்டாம் பகுதியில் தயாராக ஒரு நிமிடம் தருவார்கள்; அந்தக் காகிதத்தில் முழு வாக்கியம் எழுதாமல், ஆளைப் பற்றியோ இடத்தைப் பற்றியோ மூன்று அட்ஜெக்டிவ் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் சொன்னால் இரண்டு நிமிடம் ஓடிவிடும். தாத்தா ஸ்டபர்ன் என்றால், மழையிலும் குடை எடுக்காமல் போன கதை.

வயதானவர் என்று சொல்ல ‘ஏன்ஷியன்ட்’ வேண்டாம். அது தஞ்சைப் பெரிய கோயிலுக்கு. தாத்தாவுக்கு எல்டர்லி.

10. தேர்வு அறையில்

முதல் ஐந்து நிமிடம் திட்டமிடும்போது, கருத்தின் பக்கத்திலேயே பெயர்ச்சொல்லும் அதற்கான ஒரு அட்ஜெக்டிவும் குறித்துவிடுங்கள். எழுத ஆரம்பித்த பிறகு சொல் தேடி நிற்காதீர்கள். வரவில்லையென்றால் ‘குட்’ என்றே எழுதிவிட்டு மேலே போங்கள். பாதியில் நின்ற கட்டுரையைவிட ஒரு ‘குட்’ மேல்.

கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த இடங்களுக்குத் திரும்பி வாருங்கள். உறுதியாகத் தெரிந்தால் மாற்றுங்கள், ‘எ’, ‘ஆன்’, ப்ரிபோசிஷன், வெரி நான்கையும் பாருங்கள். பாதிச் சந்தேகம் இருந்தால் கை வைக்கவேண்டாம். ‘குட்’ அங்கேயே இருக்கட்டும், அதற்காக யாரும் பேண்டைக் குறைத்துவிட மாட்டார்கள். இட்லிக்குப் பெனிவலன்ட் போட்டால் குறைப்பார்கள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பிருந்து புதுச் சொல் எதையும் நோட்டில் சேர்க்காதீர்கள். பழைய பக்கங்களையும் அந்தத் தகராறு ஸ்பெல்லிங் பக்கத்தையும் மட்டும் புரட்டிவிட்டு, நேரத்தோடு தூங்கப் போங்கள்.